காமிராவின் நாணயம்

பழைய ஃபிலிம் காமிராவைப் பற்றி இன்று தமிழில் எழுதப்படுவதெல்லாம் ஒரே சுருதியில் இருக்கிறது. தாத்தாவின் அலமாரி, இருட்டறையின் சிவப்பு வெளிச்சம், திராவகத்தில் மிதக்கும் காகிதத்தில் மெல்ல மெல்ல மேலெழும் ஒரு முகம். இந்தக் கடைசிப் படிமம் எத்தனை கவிதைகளில் வந்துவிட்டது என்று யாராவது கணக்கெடுக்கலாம். எடுத்தால், நம் கவிஞர்களில் எத்தனை பேர் இருட்டறைப் பக்கமே போனதில்லை என்பதும் தெரிந்துவிடும். எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. எனக்கு விவரம் தெரிவதற்குள் ஃபிலிமின் காலம் முடிந்துகொண்டிருந்தது. என் அக்கறை வேறு. தினசரி உபயோகத்துக்கு ஒரு பழைய காமிராவை நம்பலாமா, நம்பினால் எதற்காக நம்புகிறோம், அந்த நம்பிக்கைக்கும் நல்ல படம் என்று நாம் மதிக்கிற விஷயத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? யார் யாரோ வந்து படமெடுத்துக்கொண்டு போகிற சுந்தரபாண்டியபுரம் மாதிரி ஒரு ஊரில் குடியிருக்கிறவனுக்கு இது கொஞ்சம் சொந்த விவகாரமும்கூட.

என்னிடம் இருப்பது நிக்கான் எஃப்.எம்.2. தென்காசியில் கலியாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஸ்டூடியோ கடையை ஒழித்தபோது கைமாறி வந்தது. 1982இல் வெளிவந்த மாடல். 2001 வரை தயாரிப்பில் இருந்தது. உடல் மட்டும் 540 கிராம். ஆறு வருஷமாக என் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில், ஒரு துண்டில் சுற்றியபடி வங்கிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் போய் வருகிறது. முழுக்க முழுக்க இயந்திரம் அது. ஒரு விநாடியிலிருந்து நாலாயிரத்தில் ஒரு விநாடி வரை எல்லா வேகமும் சுருள்வில்லாலும் பற்சக்கரங்களாலும் நடக்கிறது. அடியில் போடுகிற பொத்தான் பேட்டரிகள் இரண்டும் வெளிச்சத்தை அளந்து சொல்ல மட்டுமே. பேட்டரி செத்தால் மீட்டர் சாகும், காமிரா சாகாது. உள்ளே பார்த்தால் ஓரத்தில் மூன்று சிவப்புக் குறிகள்: கூட்டல், பூஜ்யம், கழித்தல். கூடுதல், சரி, குறைவு. இவ்வளவுதான் அதற்குப் பேசத் தெரியும். கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவனுக்கு இந்த பாஷை உடனே பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

இதை 'துல்லியம்' என்று வியாபாரிகள் சொல்வார்கள். துல்லியம் இல்லை. இத்தனை வருஷம் ஓடிய வில் தளர்ந்திருக்கும். ஆயிரத்தில் ஒரு விநாடி என்று குமிழில் எழுதியிருப்பது எழுநூறில் ஒன்றாகக்கூட இருக்கலாம். நெகட்டிவ் ஃபிலிம் அந்த அளவுக்குத் தாராளமானது. வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால்தான் முரண்டு பிடிக்கும். முக்கியமான விஷயம், தப்பானாலும் அது எப்போதும் ஒரே மாதிரித் தப்பு. ஐந்து நிமிஷம் வேகமாக ஓடும் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்து யாரும் பஸ்ஸைத் தவறவிடுவதில்லை. நாணயம் என்று நான் சொல்வது இந்தக் குணத்தை. காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் பாஷை நம்முடையது.

சங்கடங்களையும் சொல்லிவிடுகிறேன். பழைய காமிராக்கள் பலவற்றிலும், பின்கதவைச் சுற்றி வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டியிருக்கும் கறுப்பு நுரைப்பஞ்சு, வருஷங்கள் ஆக ஆகக் கரைந்து பிசினாகிவிடும். மாற்ற வேண்டும்; நானே மாற்றினேன். குற்றாலத்துச் சாரல் உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது, லென்ஸுக்கு நல்லதில்லை. ஆனி ஆடியில் ஈரக்காற்று விடாமல் அடிக்கும்போது கண்ணாடிக்குள் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படரும். கவனிக்காமல் விட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே தின்றுவிடும். எவர்சில்வர் டப்பாவும் சிலிகா ஜெல் பொட்டலங்களும் இல்லாமல் இந்தப் பக்கத்தில் காமிரா வைத்துக்கொள்ள முடியாது. ஃபிலிம் ஒரு காலத்தில் ஊட்டியிலேயே செய்யப்பட்டது. ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் சுருள்களை விற்றது. அந்த ஆலை இன்று இல்லை. இப்போது ராச்செஸ்டரிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வர வேண்டியிருக்கிறது. ஒரு சுருள் வாங்குகிற பணத்துக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் முப்பத்தாறு படம் எனக்கு மூன்று வாரம் வரும்.

இந்தச் சிக்கனத்தையே ஒரு தவம் மாதிரி விவரிப்பவர்கள் உண்டு. குறைவாக எடுத்தால் ஆழமாகப் பார்ப்போமாம். அப்படி ஒரு நியதியும் கிடையாது. குறைவாக எழுதியவர்கள் எல்லாரும் மௌனியாகிவிடவில்லை.

வேறொரு வாதத்தோடு நான் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. பிராகில் பிறந்து பிரேசிலில் பல காலம் வாழ்ந்த வீலெம் ஃப்ளுஸ்ஸர் 1983இல் ஜெர்மன் மொழியில் புகைப்படத்தின் தத்துவம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். நம் வட்டத்தில் ஸூஸன் ஸொன்டாகைப் படித்தவர்கள் அநேகம், ஃப்ளுஸ்ஸரைத் தொட்டவர்கள் குறைவு. காமிரா வெறும் கருவியல்ல, ஏற்கனவே திட்டமிடப்பட்ட ஒரு பொறி என்கிறார் அவர். எடுக்கக்கூடிய படங்கள் எல்லாம் அந்தத் திட்டத்திலேயே அடங்கியிருக்கின்றன. எடுப்பவன் அவற்றில் ஒன்றைப் பூர்த்தி செய்கிறான். அவன் கலைஞனல்ல, பொறியின் அலுவலன். குமாஸ்தா என்று மொழிபெயர்த்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும். குமாஸ்தாவாகவே சம்பளம் வாங்குகிறவன் இதற்கு என்ன பதில் சொல்வது?

வாதம் பலமானதுதான். ஆனால் குமாஸ்தாவுக்குள் ஒரு பாகுபாடு இருப்பது ஃப்ளுஸ்ஸருக்குத் தெரியவில்லை. விதிகளைத் தெரிந்துகொண்டு அவற்றுக்குள் வேலை செய்கிறவன் ஒருவன். திரையில் வருகிற முடிவுக்குக் கையெழுத்து மட்டும் போடுகிறவன் இன்னொருவன். என் காமிராவின் திட்டம் மிகச் சிறியது. ஒரு மத்தியானத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனுக்கு முழுவதையும் விளக்கிவிடலாம். வெளிச்சம் வரும் துவாரம், அது திறந்திருக்கும் நேரம், குவியும் தூரம். நான்காவது ஒன்று இல்லை. என் சட்டைப்பையில் இருக்கும் செல்ஃபோனின் திட்டம் எனக்குத் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. ஒரே அழுத்தலுக்குப் பல படங்களை எடுத்து, அடுக்கி, முகத்தை ஒரு மாதிரியும் வானத்தை ஒரு மாதிரியும் திருத்திக் கொடுக்கிறது. 2023இல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவின் படத்தைக் கணினித் திரையில் வைத்து, ஒரு பிரபல செல்ஃபோனால் அதைப் படமெடுத்தார். அசலில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் வந்த படத்தில் இருந்தன. நிலவு எப்படி இருக்க வேண்டும் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நிலவைப் பார்க்காமலே நிலவைப் பாடுகிற நம் புதுக்கவிதைக்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது எங்கள் ஊருக்கும் நேர்ந்த கதி. 1992இல் வந்த 'ரோஜா'வில் கதாநாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம். அந்தப் படத்தின் காஷ்மீர், காஷ்மீர் அல்ல. மணாலியும் ஊட்டியும் குன்னூரும். சினிமாவில் இது சகஜம், குற்றமில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு தோற்றம் வந்துவிட்டது. 2005இல் 'அந்நியன்' பாட்டுக்காக இந்தப் பக்கத்துப் பாறைகளில் நடிகர்களின் முகங்களை வண்ணத்தில் வரைந்தார்கள். படப்பிடிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். பாறைகள் இங்கேயே இருக்கின்றன. இன்றும் அவற்றைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மனிதன் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே கிடக்கும் கல், பாட்டின் பெயரால் ஒரு செட்டாகிவிட்டது.

இதைவிட விசேஷம் சூரியகாந்தி. ஆடிச் சாரலில் சுந்தரபாண்டியபுரம், சுரண்டை, ஆய்க்குடி வட்டாரத்தில் பூக்கும்போது, கேரளத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் கார்கள் வரும். குற்றாலத்தில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் ஆனதால் பெரும்பாலும் சாயங்காலம் வருவார்கள். வந்து பூவின் முதுகைப் பார்ப்பார்கள். சூரியனோடு திரும்புவது மொட்டுப் பருவத்துச் செடிதான். முற்றிய பூ திரும்புவதை நிறுத்திவிட்டுக் கிழக்கே பார்த்து நின்றுவிடும். அப்படி நிற்பதால் காலையில் சீக்கிரம் சூடேறி அதிகத் தேனீக்களை இழுக்கிறது என்று 2016இல் கலிபோர்னிய விஞ்ஞானிகள் ஓர் ஆய்வில் காட்டினார்கள். இங்கே களையெடுக்கிற எவளைக் கேட்டாலும் ஆய்வில்லாமலே சொல்லுவாள். நம் கவிதைகளில் மட்டும் அது இன்னும் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. வந்தவர்கள் வரப்பைத் தாண்டி, செடிகளை மிதித்து, மறுபக்கம் போய் நின்று, சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு முகம் கறுக்கிற நிலையில் படமெடுப்பார்கள். செல்ஃபோன் முகத்தை வெளுப்பாக்கி, பூவை மஞ்சளாக்கி, வானத்தை நீலமாக்கிக் கொடுத்துவிடும். மூன்றும் ஒரே நேரத்தில் அந்த இடத்தில் இருந்ததில்லை.

என் காமிராவில் இதை எடுக்க முடியாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகம் ஓடிவரும் நாளில் வெளிச்சம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறும். 400 வேகமுள்ள ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16, ஐந்நூறில் ஒரு விநாடி. மேகம் மூடினால் எஃப் 5.6க்கு இறங்க வேண்டும். எட்டு மடங்கு வித்தியாசம். எதிர்வெயிலில் முகம் வேண்டுமென்றால் வானம் வெளுத்துப் போகும், வானம் வேண்டுமென்றால் முகம் கரியாகும். எதை இழப்பது என்று விரலை அழுத்துவதற்கு முன் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவு படத்தில் தெரியும், பிறரும் அதைக் குறைசொல்ல முடியும். ஒரு படைப்பில் விமர்சனம் செய்யக்கூடிய இடமே இதுதான். எல்லாம் நன்றாகத் தெரிகிற படத்தை என்ன என்று விமர்சிப்பது? எல்லாக் கதாபாத்திரங்களும் நல்லவர்களாக இருக்கும் நாவலைப் போல அது.

ஆனாலும் ஃபிலிம் நேர்மையானது, டிஜிட்டல் பொய் என்று ஒரு கட்சி கட்டிக்கொண்டு நிற்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் மீட்டருக்கே ஒரு அனுமானம் உண்டு. உலகம் முழுவதும் சராசரியில் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது வைத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளை வேட்டி சட்டம் முழுக்க நிறைந்திருந்தால், அதைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். வேட்டிக்கு மேலே இருக்கிற முகம் இருட்டில் போய்விடும். கறுத்த முகத்தின் அருகே போய் அளந்தால், அதையும் சாம்பலாக்க வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லும். தெரிந்தவன் வேட்டிக்கு ஒரு படி கூட்டுவான், முகத்துக்கு ஒரு படி குறைப்பான். அனுமானம் எது என்று தெரிந்தால் அதோடு சண்டை போடலாம்.

கலர் ஃபிலிமின் அனுமானம் இவ்வளவு அப்பாவியானதல்ல. கோடாக் 1950களிலிருந்து அச்சிடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் அச்சு சரி. கனடாவின் லோர்னா ராத் 2009இல் இது பற்றி விரிவாக எழுதினார். பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்ற புகாருக்கு அந்தக் கம்பெனி செவிசாய்த்ததில், சாக்லேட்டுக்கும் மரச்சாமானுக்கும் விளம்பரம் எடுத்தவர்களின் பங்கு இருந்தது என்று அவர் பதிவு செய்கிறார். தேக்கு நாற்காலிக்குக் கிடைத்த நியாயம் மனிதத் தோலுக்கு அதன் பிறகுதான். கறுப்பு வெள்ளையிலும் நம் ஸ்டூடியோக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நெகட்டிவில் முகத்தின்மேல் கூர்மையான பென்சிலை நுணுக்கமாக ஓட்டினால், அந்த இடம் அச்சில் வெளுக்கும். தமிழ்நாட்டில் இந்தக் கலை ஒரு தொழிலாக இருந்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடித் திரட்டிப் பாதுகாத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்களை முகத்துக்கு அருகே போய்ப் பார்க்கிறவனுக்கு, பொன்னிறம் செல்ஃபோனோடு வந்த ஆசை அல்ல என்பது தெரியும்.

இங்கே என் வாதத்துக்கு நேர்ந்த ஒரு இடறலையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவைத் தாண்டி வயல் வேலைக்குப் போகும் ஒரு ஆச்சியைப் போன வருஷம் எடுத்தேன். கேட்டுத்தான் எடுத்தேன். காலை வெளிச்சம், வேட்டி கிடையாது, வானம் கிடையாது, முகத்துக்கு ஒரு படி குறைத்து எடுத்தது. கன்னத்துச் சுருக்கமும் மூக்குத்தித் துளையும் தோலின் நிறமும் அப்படியே வந்திருந்தன. மூன்று வாரம் கழித்துப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். 'நல்லாத்தான் இருக்கு தம்பி. செத்தப்பொறவு செவத்துல மாட்டுததுக்கு ஆவும். பேத்தி கல்யாணத்துக்கு ஆவாது, பாத்துக்கோ' என்றாள். பேத்தியின் செல்ஃபோனில் ரோஜாப்பூ நிறத்தில் இருக்கும் இன்னொரு படத்தையும் காட்டினாள். அதுதான் கலியாணத்துக்கு.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஜனரஞ்சகம் பற்றி நம் பத்திரிகைகளில் நாற்பது ஐம்பது வருஷமாக நடக்கும் சர்ச்சை இந்த இடத்தில்தான் எப்போதும் தடுக்கி விழுகிறது. அவளுக்கு இரண்டு படமும் தேவை. எது எதற்கு என்பதில் அவளுக்குக் குழப்பமும் இல்லை. சுவரில் மாட்டுகிற படத்தை அவளாகவே என் காமிராவுக்கு ஒதுக்கிவிட்டாள் என்பதையும் நான் கவனித்தேன். பேரன் பேத்திகள் தன்னை யார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய படம் எது என்பதில் அவள் என் கட்சிதான். ஆனால் உயிரோடு இருக்கும்போது கொஞ்சம் நிறமாக இருக்க ஒருத்திக்கு உரிமை இல்லையா? என்னால் இதற்கு நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

காமிரா நாணயமாக இருப்பதால் எடுப்பவனும் நாணயஸ்தனாகிவிடுவதில்லை. இதற்கு மிகப் பெரிய உதாரணம் என்னுடையதே போன்ற காமிரா. ஸ்டீவ் மக்கரி 1984 டிசம்பரில் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஒரு ஆப்கன் சிறுமியை எடுத்தது எஃப்.எம்.2இல்தான், ஃபிலிம் கோடாக்ரோம். 1985 ஜூன் நேஷனல் ஜியாக்ரபிக் அட்டையில் வந்த பச்சைக்கண் முகம் அது. ஷர்பத் குலா என்ற பெயர் 2002இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பதினேழு வருஷம் அவள் வெறும் கண். 2016இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. கியூபாவில் மக்கரி எடுத்த ஒரு படத்தின் பிரதியில் கம்பம் ஒன்று அரைகுறையாக வெட்டி நகர்த்தப்பட்டிருந்ததை ஓர் இத்தாலியக் கண்காட்சியில் ஒருவர் கண்டுபிடித்தார். அதைத் தொடர்ந்து வேறு படங்களிலும் ஆட்கள் நீக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. தன்னைப் பத்திரிகைக்காரனாக அல்ல, படத்தால் கதை சொல்பவனாகவே பார்க்க வேண்டும் என்ற பொருளில் மக்கரி விளக்கம் கொடுத்தார். அதே வருஷம் அக்டோபரில் ஷர்பத் குலாவை பாகிஸ்தான் போலீஸ் கைது செய்தது. குற்றம், போலி அடையாள அட்டை. உலகத்தில் அதிகம் பேர் பார்த்த முகங்களில் ஒன்று, அடையாளமில்லாத குற்றத்துக்காக உள்ளே போயிற்று.

மக்கரியின் ஸ்லைடுகளில் கம்பமும் ஆட்களும் பத்திரமாகவே இருந்திருப்பார்கள். நான் ஃபிலிமைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு உண்மையான காரணம் இது. வங்கியில் பழைய கையெழுத்து லெட்ஜர்களை நான் பார்த்ததுதான், எழுதியதில்லை. அதில் ஒரு விதி: தப்பாக எழுதிய தொகையைச் சுரண்டக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். தப்பும் திருத்தமும் திருத்தியவனும் ஒரே பக்கத்தில் இருப்பார்கள். நெகட்டிவ் அந்தப் பக்கம். அச்சில் நான் வெட்டலாம், கறுக்கலாம், வெளுக்கலாம். ஆச்சியின் முகத்தில் பென்சிலும் ஓட்டலாம். ஒரு ஒளிப்பெட்டியின்மேல் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். டிஜிட்டலிலும் பதப்படுத்தாத மூலக்கோப்பு உண்டு, அதைப் பாதுகாப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. செல்ஃபோனில் எடுக்கிறவர்களில் எத்தனை பேர் அதைப் பாதுகாக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

மூலம் இருந்துவிட்டால் மட்டும் நாம் அதைப் பார்த்துவிடுவோமா என்ன? பாரதியின் புகைப்படங்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில் கடையத்தில் அவர் இருந்த வருஷங்களில், 1919இல், காரைக்குடி போனபோது எடுத்த படத்தில் தடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒடுங்கிய கன்னம், குழிந்த கண். அவ்வளவு மெலிந்த உடம்பு. காமிரா தன் வேலையைச் செய்துவிட்டுப் போய்விட்டது. நாம் காலண்டர்காரன் கொடுத்த நிமிர்ந்த மார்பையும் முறுக்கிய மீசையையும் சிவந்த நிறத்தையும் எடுத்துக்கொண்டோம். பள்ளிக்கூடச் சுவர்களை விடுங்கள். சிறுபத்திரிகைகளின் பாரதி நூற்றாண்டுச் சிறப்பிதழ்களைப் புரட்டிப் பார்த்தால், கோட்டோவியத்துக்குப் போன கைகள் எந்த முகத்தைப் பார்த்து வரைந்தன என்பது தெரியும். பசித்த ஒரு மனிதனின் முகம் நம் கையில் இருந்தும் நமக்கு அது உபயோகப்படவில்லை.

நம் அட்டைகளுக்கு உபயோகப்படுவது இன்னொரு வகை. வெற்றிலை போடும் கிழவி, கோவணம் கட்டிய விவசாயி, சுருக்கம் நிறைந்த பெயரில்லாத ஒரு முகம். உள்ளே ஒரு மூலையில் 'அட்டைப்படம்' என்று எடுத்தவன் பெயர் மட்டும் இருக்கும். எடுக்கப்பட்டவர் யார், எந்த ஊர், எந்த வருஷம், அட்டையில் போட அவரைக் கேட்டார்களா என்று ஒரு வரி கிடையாது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு பத்திரிகை நண்பர் அந்த ஆச்சியின் படத்தை அட்டைக்குக் கேட்டார். அவளிடம் போய்ச் சொன்னேன். 'பொஸ்தகத்துலயா? வேண்டாம் தம்பி, அது செவத்துக்குன்னு வச்சிருக்கது' என்றாள். படம் போகவில்லை. நண்பர் சூரியகாந்திப் படம் ஏதாவது இருந்தால் அனுப்பச் சொன்னார்.